ஒரு நியமனம், பத்து வருஷக் காத்திருப்பு: செல் சிகிச்சை ஆராய்ச்சிக்கு இந்தியா பேராசிரியர்களை எப்படித் தேடுகிறது?

ரத்தப் புற்றுநோய்க்கான கார்-டி சிகிச்சை பற்றி நீங்கள் படித்திருக்கலாம். வெளிநாட்டில் கோடிகளில் ஆகும் சிகிச்சை இந்தியாவில் சுமார் 40 லட்சம் ரூபாய்க்கு வந்துவிட்டது என்ற செய்தி பரவலாகப் பேசப்பட்டது. அதில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் உண்டு. இந்தக் கதை தொடங்கியது ஒரு உதவிப் பேராசிரியர் நியமனத்தில்.

அடுத்த கட்ட செல் சிகிச்சைகள் இங்கே உருவாகுமா என்பதும் பெருமளவு அதைப் பொறுத்ததுதான். யாரை வேலைக்கு எடுக்கிறோம்? எத்தனை வருஷம் விட்டுவைக்கிறோம்? பார்க்கலாம்.

கார்-டி என்றால் என்ன?

நம் உடலில் நோய்க்கிருமிகளோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை, டி செல். புற்றுநோய் செல்களை இவை பல நேரம் அடையாளம் காணாமல் விட்டுவிடும். எனவே நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்களைப் பிரித்தெடுத்து, செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸ் மூலம் அவற்றுக்குள் ஒரு புதிய மரபணுவைச் செலுத்துகிறார்கள். அதன் பிறகு அந்த செல், புற்றுநோய் செல்லின் மேலுள்ள ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடிக்கும். லேபில் இவற்றைப் பெருக்கி, மறுபடியும் அதே நோயாளிக்கு ஏற்றுவார்கள்.

மாத்திரை போல மொத்தமாகத் தயாரித்து அலமாரியில் வைக்க முடியாது. ஒவ்வொரு நோயாளிக்கும் மருந்து தனியாகத் தயாராக வேண்டும். விலை அதிகமாக இதுவும் ஒரு காரணம். அமெரிக்காவில் 2017-ல் அனுமதி பெற்ற முதல் கார்-டி சிகிச்சையின் அறிமுக விலை 4,75,000 டாலர்.

2013 முதல் 2023 வரை

ஹார்வர்டில் போஸ்ட்டாக் முடித்த ராகுல் புர்வார், 2013-ல் ஐஐடி பாம்பேயின் உயிரி அறிவியல், உயிரிப் பொறியியல் துறையில் சேர்ந்தார். கார்-டி செல்களை உருவாக்கும் வேலை அங்கே தொடங்கியது. நோயாளிகளும் மருத்துவர்களும் டாடா மெமோரியல் மையத்தில் இருந்தார்கள். இரண்டு நிறுவனங்களும் கைகோர்த்தன. முதற்கட்ட மருத்துவ சோதனைக்கு மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை வழியாக 19.15 கோடி ரூபாய் கிடைத்தது. 2018-ல் இம்யூனோஆக்ட் என்ற நிறுவனம் பிறந்தது.

2021 ஜூனில் முதல் நோயாளிக்குச் சிகிச்சை தரப்பட்டது. 2023 அக்டோபரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 'நெக்ஸ்கார்19' மருந்துக்கு அனுமதி கொடுத்தது. 2025-ல் லான்செட் ஹெமட்டாலஜி இதழில் வந்த முடிவின்படி, மதிப்பிடப்பட்ட நோயாளிகளில் சுமார் 73 சதவீதம் பேருக்குப் பலன் கிடைத்தது. இவர்கள் மற்ற சிகிச்சைகள் கைகொடுக்காமல் போனவர்கள் அல்லது நோய் திரும்ப வந்தவர்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வேலையில் சேர்ந்ததிலிருந்து முதல் நோயாளி வரை எட்டு வருஷம். அனுமதி வரை பத்து வருஷம்.

எந்தெந்த வழியில் ஆள் எடுக்கிறார்கள்?

முதல் வழி, நிரந்தரப் பணி. ஐஐடிகள் பெரும்பாலும் வருஷம் முழுக்க விண்ணப்பங்களை வாங்குகின்றன. பிஎச்டிக்குப் பிறகு மூன்று வருஷ அனுபவம் இருந்தால் முதல் நிலை உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். அடிப்படைச் சம்பளம் 1,01,500 ரூபாயில் தொடங்கும். மத்தியப் பல்கலைக்கழகங்களில் யுஜிசி விதிப்படி தொடக்கம் 57,700 ரூபாய். இரண்டிலும் படிகள் தனி.

இரண்டாவது வழி, ஃபெல்லோஷிப். வெளிநாட்டில் இருக்கும் இந்திய விஞ்ஞானிகள் திரும்பி வருவதற்காகவே ராமலிங்கசுவாமி ஃபெல்லோஷிப் இருக்கிறது. டிஎஸ்டியின் இன்ஸ்பயர் ஃபேகல்டி, டிபிடி-வெல்கம் இந்தியா அலையன்ஸ் ஆகியவையும் உண்டு. மருத்துவர்கள் ஆராய்ச்சி செய்ய இந்தியா அலையன்ஸில் தனிப் பிரிவே இருக்கிறது. ஆனால் இவை எல்லாமே பொதுவாக ஐந்து வருஷத்துக்குத்தான்.

சிக்கல் எங்கே?

ஐந்து வருஷ ஃபெல்லோஷிப், பத்து வருஷ வேலை. முதல் சிக்கல் இதுதான். லேப் அமைத்து, மாணவர்களைப் பழக்கி, விலங்குகளில் சோதித்து முடிப்பதற்குள் காலம் போய்விடும். மருத்துவ சோதனைக்குப் போக வேண்டிய நேரத்தில், விஞ்ஞானி நிரந்தர வேலை தேடி அலைந்துகொண்டிருப்பார்.

இரண்டாவது, மதிப்பெண். யுஜிசியின் 2018 விதியில் உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு ஆட்களைச் சுருக்க ஒரு 100 மதிப்பெண் பட்டியல் உண்டு. இளநிலை, முதுநிலைப் படிப்புகளுக்கு மட்டும் அதிகபட்சம் 40. ஆய்வுக் கட்டுரைகளுக்கு அதிகபட்சம் 10. போஸ்ட்டாக் உள்ளிட்ட அனுபவத்துக்கும் 10. வைரஸ் வெக்டர் தயாரிக்கத் தெரியும், ஒரு மருத்துவ சோதனையை நடத்திய குழுவில் இருந்தேன் என்பதற்கெல்லாம் இதில் தனி வரிசை இல்லை. இருபது வயதில் எடுத்த மார்க், முப்பத்தைந்து வயதில் செய்த ஆராய்ச்சியை முந்திவிட முடியும். 2025 ஜனவரியில் யுஜிசி வெளியிட்ட வரைவு, இந்த முறையை மாற்ற முன்மொழிந்தது. ஐஐடிகள் இந்தப் பட்டியலுக்குள் வராது.

மூன்றாவது, லேபுக்கும் வார்டுக்கும் இடையிலான சுவர். செல் சிகிச்சை ஆராய்ச்சியாளர் மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். ஆனால் மருத்துவப் பட்டம் இல்லாத பிஎச்டிக்காரர்களுக்கு மருத்துவக் கல்லூரிகளில் இடம் குறைவு. 2020 விதிகள் நுண்ணுயிரியல், மருந்தியல் துறைகளில் அவர்களுக்கான வாய்ப்பை அடைத்தன. 2025-ல் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட புதிய விதிகள் அதை மறுபடி திறந்தன. மறுபக்கம், மருத்துவர்களுக்கு ஓபி பார்த்து, வார்டு பார்த்து முடித்தால் ஆராய்ச்சிக்கு நேரமே மிஞ்சாது.

இந்தச் சுவரை உடைத்த இடங்களும் உண்டு. வேலூர் சிஎம்சி வளாகத்தில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. ஹீமோஃபீலியா-ஏ நோயாளிகள் ஐந்து பேருக்கு அங்கே மரபணு சிகிச்சை தரப்பட்டது. முடிவுகள் 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தன. நோய் வேறு. ஆனால் நோயாளியின் செல்லை எடுத்து, வைரஸ் மூலம் மரபணுவை ஏற்றித் திருப்பிச் செலுத்தும் முறை கார்-டிக்கு நெருங்கிய உறவு. விஞ்ஞானியும் மருத்துவரும் ஒரே வளாகத்தில் இருந்த இடம் அது.

விண்ணப்பிக்கப் போகிறீர்களா? இதையெல்லாம் கேளுங்கள்

சம்பளத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தேர்வுக்குழுவிடமோ துறைத் தலைவரிடமோ கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை இவை:

• லேப் தொடங்க நிறுவனம் எவ்வளவு தரும்? சேர்ந்த எத்தனை மாதத்தில் பணம் கைக்கு வரும்?

• மருந்துத் தயாரிப்புத் தரத்தில் தூய்மை அறை இருக்கிறதா? இல்லையென்றால், எந்த நிறுவனத்தோடு பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் இருக்கிறது?

• கூட்டாகச் செயல்படும் மருத்துவமனை எது? அதற்கு எழுத்துபூர்வமான ஒப்பந்தம் உண்டா, அல்லது பேச்சளவில் மட்டும்தானா?

• ஃபெல்லோஷிப்பில் வந்தால், அது முடிந்த பிறகு நிரந்தரப் பணிக்கு வழி என்ன? இதற்கு முன் வந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

• முதல் இரண்டு வருஷம் எத்தனை பாடம் எடுக்க வேண்டும்?

• கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை யாருக்கு? ஸ்டார்ட்அப் தொடங்க அனுமதி உண்டா?

நான்காவது கேள்விக்கான பதிலை மட்டும் அங்கேயே வேலை பார்ப்பவர்களிடமும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

நான் விஞ்ஞானி இல்லையே, எனக்கு என்ன?

40 லட்சம் என்பது வெளிநாட்டோடு ஒப்பிட்டால்தான் மலிவு. நம் குடும்பம் ஒன்றில் யாருக்காவது தேவைப்பட்டால், வீட்டை விற்க வேண்டிய தொகை. அது இன்னும் இறங்க வேண்டுமென்றால் வைரஸ் வெக்டரை மலிவாகத் தயாரிக்க வேண்டும், உற்பத்தி நாட்களைக் குறைக்க வேண்டும், மார்பகம், நுரையீரல் போன்ற திடக்கட்டிப் புற்றுநோய்களுக்கும் வேலை செய்யும் செல்களை உருவாக்க வேண்டும். இதற்கெல்லாம் ஆட்கள் வேண்டும்.

2035-ல் நம் ஊர் மருத்துவமனையில் என்ன சிகிச்சை, என்ன விலைக்குக் கிடைக்கும் என்பது, இந்த வருஷம் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் நடக்கும் உதவிப் பேராசிரியர் நேர்காணலில் பாதி முடிவாகிவிடும். அந்தப் பதவி காலியாகவே கிடந்தால், அதுவும் ஒரு முடிவுதான்.