வடக்கன்குளத்து நடுச்சுவர்



சாரல் காலத்தில் குற்றாலம் பேரருவியின் கீழ் நிற்பவனிடம் குலம் கேட்பாரில்லை. நம் தென்காசிக்குத் தெற்கே, வடக்கன்குளத்து ஆலயத்திலோ வாசலிலேயே கேட்டார்கள்.

தேவசகாயம் பிள்ளை 1745இல் திருமுழுக்குப் பெற்ற ஊர் அது. அவ்வூரில்தான் 1872இல் இரு கிளைகளாக ஓர் ஆலயம் எழும்பிற்று. வேளாளர் ஒரு கிளையில், நாடார் மறு கிளையில், இடையே சுவர். பீடம் மட்டும் ஒன்று.

சுவரைக் கேட்டவர்கள் தங்கள் மேன்மையில் உறுதியாயிருந்தார்கள் என்று நான் எண்ணவில்லை. அந்நாட்களில் நாடார் மக்கள் வணிகத்தாலும் கல்வியாலும் உயர்ந்துகொண்டிருந்தனர். நேற்றுவரை தாழ நின்றவன் இன்று தோளோடு தோள் நின்றால், "இனி நான் யார்?" என்ற நடுக்கம் பிறக்கிறது. எபேசு சபைக்குப் பவுல் எழுதிய நடுச்சுவரும் இத்தகையதே.

1910இல் கவுசானல் அடிகளார் சுவரை இடித்தார். வேளாளர் வழக்காடினர், சென்னை உயர்நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை.

கத்தோலிக்கர் கதைதானே என்று நாம் கடந்துவிட இயலாது. சபையில் சாதி கூடாதென்று 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் எழுதியபோது, தஞ்சையில் நம் முன்னோர் பலர் சபையை விட்டே விலகினர். திருவிருந்தின் ஒரே பாத்திரத்தில் யாருக்குப்பின் யார் பருகுவது என்பதும் அவர்களுடைய வழக்குகளில் ஒன்று.