ஆவணத்துள் புகுந்த நச்சுநிரல்

தாளில் எழுதிய எழுத்து தானாக எதையும் செய்யாது; கணினி ஆவணத்தையும் நாம் அவ்வாறே கருதி வந்தோம். 1995ஆம் ஆண்டில் அந்நம்பிக்கை தகர்ந்தது. மைக்ரோசாப்ட் வேர்டில் திரும்பத் திரும்பச் செய்யும் பணிகளைச் சுருக்க அமைந்த 'மேக்ரோ' என்னும் குறுநிரல், கோப்பினுள்ளேயே தங்கக்கூடியது. அவ்வாண்டு பரவிய 'கான்செப்ட்' என்னும் நச்சுநிரல், கோப்பைத் திறந்தவுடன் இயங்கி, வேர்டின் பொது வார்ப்புருவில் தன்னைப் படியெடுத்துக்கொண்டது. பின்னர் அக்கணினியில் புதிய பெயரிட்டுச் சேமித்த கோப்புகளிலும் ஏறிக்கொண்டது. எதையும் அழிக்கவில்லை, முதல் தொற்றின்போது '1' என்னும் எண்ணை மட்டும் திரையில் காட்டியது. மைக்ரோசாப்ட் நிறுவனமே வழங்கிய குறுவட்டு ஒன்றிலும் அது இருந்தது!

பட்டர்வொர்த்தில் தட்டெழுதிய வினாத்தாள் ஒன்று நெகிழ்வட்டில் ஃபெர்ரி ஏறிப் பினாங்குத் தீவை அடைகிறது எனக் கொள்வோம். கொடுப்பவர் பழகிய ஆசிரியர்; வாங்குபவர் ஏன் ஐயுற வேண்டும்? அந்த நட்பையே நச்சுநிரல் ஊர்தியாக்கியது.

1999 மார்ச் 26 அன்று பரவத் தொடங்கிய 'மெலிசா'வுக்கு நெகிழ்வட்டும் வேண்டியிருக்கவில்லை. முகவரிப் பட்டியலின் முதல் 50 முகவரிகளுக்கு, கணினிக்கு உரியவர் பெயரிலேயே மின்னஞ்சல் அனுப்பியது. அதனை இயற்றிய டேவிட் ஸ்மித்துக்கு 2002இல் அமெரிக்க நீதிமன்றம் 20 மாதச் சிறை விதித்தது. இணையவழி வரும் கோப்புகளின் மேக்ரோக்களை இயல்பாகவே தடுக்கும் ஏற்பாட்டை மைக்ரோசாப்ட் 2022இல்தான் நடைமுறைப்படுத்தியது.