கடன் வந்த கதை, கடனை வென்ற கதை
(வானொலிப் பேச்சு)



விதைப்புக்குப் பணம் வேண்டும். பிள்ளை பள்ளிக்கூடச் செலவு நிற்கிறது. கரண்ட் பில், மளிகைக் கடை பாக்கி, மாமன் வீட்டுச் சீர் எல்லாம் ஒரே மாதத்தில் வந்து வாசலில் உட்காரும். அறுவடையோ நாலு மாதம் தள்ளி. இந்த இடைவெளியில்தான் கடன் வீட்டுக்குள் நுழைகிறது. இது நமக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. நமக்கு முன்னால் பல ஊர்க்காரர்கள் இதில் மாட்டியிருக்கிறார்கள், மீண்டும் இருக்கிறார்கள். அந்தக் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுச் சண்டை நடந்தது. அங்கிருந்து பருத்தி வருவது நின்றதால், நம் நாட்டுப் பருத்திக்கு ஏகப்பட்ட விலை கிடைத்தது. பம்பாய் மாகாணத்துத் தக்காணப் பகுதி விவசாயிகளுக்கு, லேவாதேவிக்காரர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடன் கொடுத்தார்கள். இவர்களும் வாங்கினார்கள். சண்டை முடிந்தது, விலை விழுந்தது. நிலவரியோ ஏறியிருந்தது. கடன் மட்டும் அப்படியே நின்றது. நிலம் கைமாறத் தொடங்கியது. 1875 மே மாதம் பூனா ஜில்லா சூபா என்ற ஊரில் ஜனங்கள் பொங்கி எழுந்து, கடன் பத்திரங்களையும் கணக்குப் புத்தகங்களையும் தீயில் போட்டார்கள். பக்கத்து ஊர்களுக்கும் அது பரவியது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கடன் பஞ்சத்தில் வந்தது இல்லை, நல்ல விலை கிடைத்த காலத்தில் வந்தது. "இந்த வருஷம் மஞ்சள் நல்ல விலை, அடுத்த வருஷமும் இப்படித்தான்" என்று நம்பிக் கையெழுத்துப் போட்டால், அதுதான் பெரிய ஆபத்து.

சரி, வழி என்ன? 1892இல் சென்னை மாகாண அரசு ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியிடம் அந்தக் கேள்வியைக் கொடுத்தது. கோயமுத்தூர் ஜில்லாவைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர் அவர். நம் குடியானவன் பாடு அவருக்குத் தெரியும். ஐரோப்பாவில் விவசாயிகள் எப்படிக் கடன் பெறுகிறார்கள் என்று ஆராய்ந்து, 1895இலும் 1897இலும் இரண்டு பாகமாக அறிக்கை கொடுத்தார். அதில் அவர் சுட்டிக்காட்டிய ஆள் ஒரு ஜெர்மானியர், பெயர் ரைஃபைசன். அவரைப் போன்ற ஆள் நம் ஊர்களில் கிடைக்க வேண்டும் என்பதே நிக்கல்சன் சொன்னதன் சாரம்.

யார் இந்த ரைஃபைசன்? 1818இல் பிறந்தவர். பெரிய பணக்காரர் இல்லை. வையர்புஷ் என்ற ஏழைக் கிராமங்களின் வட்டாரத்துக்குத் தலைவராக இருந்தார். 1846-47இல் விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் வந்தது. வசதியுள்ளவர்களிடம் பணம் சேர்த்து, மாவு வாங்கி, பொது அடுப்பு கட்டி, ரொட்டி சுட்டுக் கடனாகக் கொடுத்தார். அடுத்தபடியாக ஃபிளாமர்ஸ்ஃபெல்ட் என்ற இடத்துக்குப் போனார். அங்கே மாட்டு வியாபாரிகள் கடனுக்கு மாடு கொடுத்துக் குடியானவனைக் கறந்துகொண்டிருந்தார்கள். 1849இல் ஒரு சங்கம் வைத்து, தவணையில் மாடு கிடைக்க ஏற்பாடு செய்தார்.

ஆனால் ஒரு குறை. பணம் போட்டவர்கள் பணக்காரர்கள், வாங்கியவர்கள் ஏழைகள். கொடுக்கிறவர்களுக்கு உற்சாகம் குறைந்தால் சங்கம் படுத்துவிடும். தர்மத்தை நம்பிக் காலம் தள்ள முடியாது என்று அவருக்குப் புரிந்தது. 1864இல் ஹெடஸ்டார்ஃப் என்ற ஊரில் வேறு மாதிரிச் செய்தார். கடன் வாங்குகிறவனே சங்கத்தின் சொந்தக்காரன். ஒருவன் கட்டத் தவறினால் எல்லோரும் பொறுப்பு. கேட்டால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அதில்தான் சூட்சுமம். எல்லோரும் பொறுப்பு என்றால், யாருக்கு எதற்காகக் கொடுக்கிறோம் என்று எல்லோரும் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரன் மாடு வாங்கினானா, விருந்து வைத்தானா என்று ஊருக்குத் தெரியாதா? அதனால் சங்கம் ஒரு சிறு வட்டாரத்துக்குள்ளேயே இருந்தது. லாபத்தைப் பங்கு போடாமல் சேமநிதியில் சேர்த்தார்கள். கண்பார்வை கெட்டுப்போயும் அந்த மனிதர் ஓயவில்லை. 1888இல் இறந்தார்.

அந்த விதை நம் மண்ணிலும் விழுந்தது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருஷம் திருவள்ளூர் பக்கம் திரூரில் விவசாயிகளின் கடன் சங்கம் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் நாலாயிரத்துக்கு மேல் இருக்கின்றன.

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. 1938இல் ராஜாஜி மந்திரிசபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. பழைய கடனில் நின்ற வட்டி தள்ளுபடியானது. அசலைப் போல் இரண்டு மடங்கு கட்டியவனுக்குக் கடன் தீர்ந்தது. அப்படியும், 1951-52இல் நாடு முழுக்கக் கணக்கெடுத்தபோது, விவசாயி வாங்கிய 100 ரூபாயில் கூட்டுறவு கொடுத்தது சுமார் 3 ரூபாய்தான். வட்டிக்காரர்கள் கொடுத்தது சுமார் 70 ரூபாய்!

ஏன் அப்படி? வட்டிக்காரர் ராத்திரி பத்து மணிக்கும் கதவைத் திறப்பார். காகிதம் கேட்க மாட்டார். அந்த வசதிக்கு நாம் கொடுக்கிற விலை என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். "ரெண்டு வட்டிதானே" என்கிறோம். மாதம் நூற்றுக்கு 2 என்றால் வருஷத்துக்கு 24. பத்தாயிரம் ரூபாய் வாங்கி, வட்டியையும் வருஷா வருஷம் அசலோடு சேர்த்து நோட்டு மாற்றி எழுதினால், நாலாம் வருஷம் முடிவில் 23,600 ரூபாயைத் தாண்டும். தண்டல் இன்னும் மோசம். பத்தாயிரம் என்று எழுதி, 8,500 ரூபாய் கையில் கொடுத்து, தினம் 100 ரூபாயாக நூறு நாள் வசூலிக்கிறார்கள். போனது 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுகிறோம் அல்லவா? வருஷக் கணக்கில் பார்த்தால் வட்டி நூற்றுக்கு நூறுக்கும் மேலே போகிறது.

ஆகவே ஒரு யோசனை சொல்கிறேன். ஒரு நாள் சாயங்காலம் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, இருக்கிற கடனையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி என்று கைமாற்று உட்பட எழுதுங்கள். வீட்டம்மாவுக்குத் தெரியாத கடன் ஒன்றுகூட இருக்கக் கூடாது. எல்லாக் கடனுக்கும் கட்ட வேண்டியதை விடாமல் கட்டிவிட்டு, மிச்சம் பிடிக்கிற பணத்தை வட்டி அதிகமான கடனுக்குப் போடுங்கள். சின்னக் கடன், சொந்தக்காரர் கடன் என்று பார்த்து முந்த வேண்டாம்.

ரைஃபைசன் பார்த்தது போல, எதற்குக் கடன் என்று நாமும் பார்க்க வேண்டும். கறவை மாட்டுக் கடனைப் பால் அடைக்கும். பயிர்க்கடனை அறுவடை அடைக்கும். சீர்வரிசைக் கடனை எது அடைக்கும்? விரலுக்குத் தகுந்த வீக்கம்தான் வேண்டும். கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தமிழ்நாட்டில் தவணைக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. தேதி தவறினால் அந்தச் சலுகை போச்சு. நெல் விற்ற பணம் கைக்கு வந்ததும் முதலில் அதை எடுத்து வையுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 1989இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் குழுக்கள் இன்று ஊர் ஊராக இருக்கின்றன. ஒருவருக்கு ஒருவர் பொறுப்பு என்ற அந்தப் பழைய ஏற்பாடுதான் அங்கேயும் நடக்கிறது. குழுவில் வாங்கிய கடனைக் கொண்டு இன்னொரு கடனை அடைத்து, மறுபடி அங்கேயே போய்க் கை நீட்டினால் மட்டும் பிரயோஜனம் இல்லை.

சூபா ஊர்க்காரர்கள் கணக்குப் புத்தகத்தை எரித்தார்கள், பாவம், அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. நமக்குத் தெரியும். நம் கணக்கை நாமே எழுதி வைப்போம். எழுதி வைத்த கடன் கண்ணுக்கு முன்னால் நிற்கும், மறைத்து வைத்த கடன்தான் நிலத்தைத் தின்னும்.