வேலைக்கு ஒரு முகம், சேரிக்கு ஒரு முகம்

வேலையிடத்தில் ஒரு முகம், வீட்டில் ஒரு முகம் என்பது எல்லா மனிதருக்கும் உள்ளதுதான். மேலதிகாரியிடம் குழைகிறவர் வீட்டில் எரிந்து விழுவார். அதைச் சுபாவம்னு விட்டுடலாம். நம்மவர்களுக்கு இரண்டு முகம் வந்த வரலாறு வேறு. அதைப் பேச எங்கள் சிதம்பரத்திலிருந்தே தொடங்கலாம்.

ஆதனூர் நந்தனின் தொழிலை, 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணம் விவரமாகவே சொல்கிறது. கோயில் பேரிகைக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்தவர் அவர். அவர் கொடுத்த தோல் உள்ளே முழங்கியது. ஆள் வெளியே நின்றார். கடைசியில் எப்படி உள்ளே போனார்? தீயில் இறங்கி, பழைய உடம்பு போய், பூணூலும் சடையுமாக வேறொரு உருவத்தில். உன் உழைப்பு வரலாம், நீ வரக்கூடாது. வரணும்னா வேற ஆளா வா. முகமூடி போடச் சொல்லும் கட்டளையின் மூலக்கதையாகவே இதை நான் வாசிக்கிறேன்.

வெள்ளைக்காரன் காலத்தில் பள்ளிக்கூடமும் ஆபீசும் வந்தன. கட்டளை மட்டும் மாறவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் கோயம்புத்தூர் படிப்பு நாட்களைச் சொல்கிறார். சாதியும் ஊரும் உறவும் தெரிந்துவிட்டால் தாழ்வாக நடத்துவார்களே என்று அஞ்சி, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவாராம். வகுப்பு முடிந்ததும் மற்றவர்கள் நெருங்குவதற்குள் வீட்டுக்கு விரைந்துவிடுவாராம். பிறகு நீலகிரியில் வெள்ளையர் கம்பெனியில் கணக்கர் வேலை. இப்படி ஒளிந்து படித்த மனிதர்தான் 1893இல் ஒரு பத்திரிகை தொடங்கி, அதற்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். எதை மறைக்கச் சொன்னார்களோ அதையே முகப்பில் அச்சடித்தார். அயோத்திதாசர் அந்தப் பெயரையே மறுத்தார்; 1907இல் அவர் தொடங்கிய பத்திரிகை பின்னாளில் 'தமிழன்' ஆயிற்று. இருவர் வழியும் வேறு. ஒளிந்து வாழ மாட்டோம் என்பதில் இருவரும் ஒன்று.

சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நம் பிள்ளைகளுக்காகக் கல்விக்கூடம் கண்டபோது, நெருப்பில் போட்ட அந்தப் பெயரைத்தான் எடுத்தார்: நந்தனார். தீயில் இறங்காமல் உள்ளே போக ஒரு வாசல்.

அங்கிருந்தெல்லாம் படித்துவிட்டு வேலைக்கு வந்த தலைமுறையை நான் அறிவேன். கடலூரில் நான் வேலை பார்த்த அலுவலகம் ஒன்றில் முதல் நாள் கேட்ட கேள்வி: "சாருக்கு எந்த ஊரு?" "காட்டுமன்னார்கோயில் பக்கம்." "பக்கம்னா? ஊருக்குள்ளயா, அந்தப் பக்கமா?" சாதிச் சான்றிதழ் ஃபைலில் இருக்கும். ஆனால் வாயில் வரக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை என்ன கறி என்று திங்கட்கிழமை பேச்சு வந்தால், நம்மாளு டீ குடிக்க எழுந்துவிடுவார். எங்கப்பா கடலூர் வந்தால் கேட்டுக்கு வெளியிலேயே நிற்பார். "உள்ள வாப்பா" என்றால், "வேணாண்டா, நான் வந்தா நீ யாருன்னு தெரிஞ்சிடும்" என்பார். மகனின் வேலைக்காக வெளியே நின்ற அப்பன்கள் எத்தனை பேரோ!

அதே ஆபீசில் சாதி இந்துவுக்கு ஒரு முகம் போதும். அவர் ஊர்த் திருவிழா வசூல், குலதெய்வப் பிரசாதம், சம்பந்திப் பேச்சு எல்லாம் மேசை மேலேயே நடக்கும். அதற்குச் சாதி என்று யாரும் பேர் வைப்பதில்லை. நாம் வாய் திறந்தால் மட்டும் "ஆபீஸ்ல ஏன் சார் சாதி பேசறீங்க?"

ஆகவே மறைத்தவர்களைக் கோழை என்று ஏசுவதில் நியாயமில்லை. சீனிவாசனும் மறைத்தவர்தான். மறைக்க வைத்தது யார் என்பதுதான் கேள்வி. இந்த மாவட்டத்துச் சேரிகளிலிருந்து முதல் தலைமுறையாக வேலைக்குப் போன வாத்தியார்கள், குமாஸ்தாக்கள், நர்சுகள் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார்கள். ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துகொண்டும் இருக்கிறார்கள். அவர்களுடைய சர்வீஸ் புத்தகத்தில் சம்பளமும் லீவும்தான் இருக்கும். மற்றதை நாம்தான் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும். மாணவத் தோழர்களே, அதைச் சொந்த வீட்டுத் திண்ணையிலிருந்தே தொடங்குங்கள்.