சிறு டிரெய்லரின் ஏற்றுச் சாய்தளமும் பின்கதவும்

புல்வெட்டும் இயந்திரம், சிறு டிராக்டர், நான்கு சக்கர மோட்டார் சைக்கிள் போன்றவற்றைச் சிறு சுமை டிரெய்லரில் உருட்டி ஏற்றுவதற்காக அதன் பின்விளிம்பில் சாய்த்துப் போடும் பாதையே ஏற்றுச் சாய்தளம். கழற்றி எடுத்துவைக்கும் இரண்டு தனிப் பலகைகள் ஒரு வகை. இறக்கினால் சாய்தளம், நிமிர்த்தினால் பின்கதவு என்று கீலில் இயங்கும் அகலச் சட்டம் மற்றொரு வகை. அமெரிக்காவில் தோட்டப் பராமரிப்புத் தொழிலாளர்களின் டிரெய்லர்களில் இரண்டாவதே வழக்கம். ஆஸ்திரேலியாவின் ஆறடிக்கு நாலடிப் பெட்டி டிரெய்லர்களில் பின்கதவு குட்டையானது. அதை இறக்கினால் தரையை எட்டாது. எனவே அங்கே பலகைகள் தேவைப்படுகின்றன. சொந்தமாக வெல்டிங் செய்து இவற்றை அமைத்துக்கொள்வோர் இரு நாடுகளிலும் ஏராளம்.

முதலில் முடிவுசெய்ய வேண்டியது நீளம். டிரெய்லரின் தளம் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். 120 செ.மீ. நீளக் கதவை இறக்கினால் சாய்வு ஏறக்குறைய 25 டிகிரி. 300 கிலோ இயந்திரத்தை அதில் ஏற்ற, உராய்வைச் சேர்க்காமலே 125 கிலோ எடைக்கு நிகரான விசை வேண்டும். நீளத்தை 2 மீட்டராக்கினால் சாய்வு 15 டிகிரிக்குள் அடங்கும். விசையும் 75 கிலோவுக்கு இறங்கும். அமர்ந்து ஓட்டும் புல்வெட்டிகளின் கையேடுகள் சில 15 டிகிரியையே மேல்வரம்பாக வைக்கின்றன. எஞ்சின் பின்சக்கரங்களின் மேல் அமைந்த வண்டி செங்குத்தான ஏற்றத்தில் முன்னோக்கி ஏறினால், முன்பக்கம் தூக்கிப் பின்னால் கவிழும். ஓட்டுபவர் அடியில் சிக்குவார். அதனால்தான் அவ்வகை வண்டிகளைப் பின்னோக்கி ஏற்றி, முன்னோக்கி இறக்கச் சொல்கிறார்கள். சாய்தளமும் தளமும் சேரும் முகட்டில் வண்டியின் அடி தட்டுவதும் செங்குத்துச் சாய்வின் கோளாறே. நீளக் கதவு நிமிர்ந்து நிற்க இடைஞ்சலானால் நடுவில் கீல் வைத்து இரண்டாக மடிக்கலாம். டிரெய்லரின் வால்பக்கம் மேட்டை நோக்கும்படி நிறுத்தினால் காசு செலவில்லாமலே சாய்வு குறையும்.

சக்கரம் நடுநீளத்தில் நிற்கும்போது சட்டத்தின் வளைவு உச்சத்தை எட்டுகிறது. நெடுக்குக் கம்பிகள் சக்கரத் தடங்களுக்கு நேர்கீழே ஓட வேண்டும். 50 × 50 × 5 மி.மீ. ஆங்கிள் மீட்டருக்கு 3.8 கிலோ, 50 × 50 × 3 மி.மீ. சதுரக் குழாய் 4.4 கிலோ. இந்தச் சிறு எடைக் கூடுதலுக்குக் குழாய் தரும் வளைவுவலு ஆங்கிளைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். கையில் கிடைத்த ஆங்கிளிலேயே முழுக்கதவையும் செய்துவிடும் பழக்கம் இதனால் ஏற்கத்தக்கதல்ல.

பலரும் கவனிக்காமல் விடுவது டிரெய்லரின் வால்பக்கத் தாங்கலை. இயந்திரம் பின்விளிம்பில் ஏறி நிற்கும் கணத்தில் டிரெய்லர் தன் அச்சை மையமாகக் கொண்டு சீசாப் பலகைபோல் ஆடும். விளிம்பு அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னாலும், இணைப்புக் கொக்கி இரண்டு மீட்டர் முன்னாலும் இருந்தால், 300 கிலோ சுமை கொக்கியை 150 கிலோ விசையோடு மேலே தூக்கும். இழுக்கும் காரின் பின்புறம் இலகுவாகிறது. கைபிரேக் பிடிப்பது பெரும்பாலும் பின்சக்கரங்களைத்தான். சரிவான இடத்தில் காரும் டிரெய்லரும் சேர்ந்தே நகர்ந்துவிடக்கூடும். வாலின் இரு மூலைகளிலும் இறக்கிவிடும் கால்களைப் பொருத்துவதும், இல்லையேல் கட்டைகளை அடுக்கி முட்டுக்கொடுப்பதும் இதைத் தடுக்கும். கதவுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்கு இந்தக் கால்களுக்குப் போதும்.

தனிப் பலகைகளுக்கே உரிய ஆபத்து வழுக்கல். ஏறும் வண்டியின் சக்கரம் பலகையைப் பின்னால் தள்ளுகிறது; மேல்நுனி விளிம்பைவிட்டு நழுவினால் வண்டி அப்படியே விழும். நுனியில் கொக்கி உதடு வைத்தாலும், சங்கிலியால் டிரெய்லரோடு பிணைப்பது அவசியம். மழையிலும் சேற்றிலும் மரப்பலகை வழுக்கும் என்பதால் கம்பிவலை பதித்த பரப்பு மேலானது.

நிமிர்ந்து நிற்கும் கதவைத் தகடால் மூடினால் காற்று பிடிக்கும். 1.5 மீட்டர் அகலமும் 1.2 மீட்டர் உயரமும் கொண்ட மூடிய கதவு, முன்னால் மறைப்பு ஏதும் இல்லாவிட்டால், மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் 60 கிலோவுக்கு மேற்பட்ட எதிர்விசையைத் தாங்க வேண்டியிருக்கும். வலைத் தகடு பெரும்பகுதிக் காற்றை உள்ளே விட்டுவிடும். 50 கிலோ கதவைத் தினமும் பலமுறை தூக்குவோர் கீலருகே சுருள்வில் பொருத்துகிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பிரேக் இல்லாத டிரெய்லருக்குச் சுமையோடு சேர்த்து 750 கிலோ என்ற அளவு நடைமுறையில் இருக்கிறது. புதிதாகப் பொருத்தும் கதவின் எடை இந்தக் கணக்கில்தான் கழியும். பின்விளக்குகளையும் எண்பலகையையும் அது மறைக்கக் கூடாது. வாலில் கூடும் எடை கொக்கியின் மேலுள்ள கனத்தைக் குறைப்பதால், ஓட்டத்தில் டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் அமரும்வரை சுமையை முன்னே நகர்த்தி வைக்க வேண்டும்.