எடையன்று, எண்ணே!

செஞ்சிக் கோட்டைக்கு அருகே உள்ள சிங்கவரத்தில் நாம் காண்பது என்ன? பல்லவர் காலத்து உளி பாறையைக் குடைந்து மண்டபமாக்கியது, கல்லைச் சிலையாக்கியது. உருவம் மாறிற்று. ஆனால் அக்கல்லுக்குள் இருந்த சிலிக்கனும் பொட்டாசியமும் மாறினவா? இல்லை! ஒரு தனிமத்தை அத்தனிமமாக்குவது எது? இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை பெற உலகம் 1913 வரை காத்திருந்தது.

ஐம்பூதங்களே அனைத்தும் என்றனர் முன்னோர். பாதரசத்தைப் பொன்னாக்குவோம் என்று புடமிட்டனர் இரசவாதிகள். புகை மிஞ்சிற்று, பொன் பிறக்கவில்லை. நம்பியவர்கள் கைப்பொருளை இழந்தனர்.

1869இல் உருசிய அறிஞர் மெண்டலீவ் தனிமங்களை அணு எடைப்படி வரிசைப்படுத்தினார். அரிய முயற்சிதான், ஆயினும் 1894இல் கண்டறியப்பட்ட ஆர்கான் அவ்வரிசையை இடறிற்று. அதன் எடை 39.95; பொட்டாசியத்தின் எடையோ 39.10. எடையை நம்பினால் பொட்டாசியம் முன்னே நிற்க வேண்டும். குணத்தை நம்பினால் ஆர்கான் முன்னே நிற்க வேண்டும். எதை நம்புவது?

வழி காட்டியவர் இங்கிலாந்தின் இளைஞர் ஹென்றி மோஸ்லி. தனிமங்களின் மீது எலெக்ட்ரான்களைப் பாய்ச்சி, அவை உமிழ்ந்த எக்ஸ் கதிர்களின் அதிர்வெண்ணை அளந்தார். அதன் வர்க்கமூலம் தனிமத்துக்குத் தனிமம் ஒரே சீராக, படிப்படியாக உயர்ந்தது. அந்தப் படியின் எண்ணே அணு எண். அணுக்கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை அது. ஆர்கான் 18, பொட்டாசியம் 19. வழக்குத் தீர்ந்தது! 43, 61, 75 ஆகிய இடங்கள் வெறுமையாக இருப்பதையும் அவர் காட்டினார். மூன்றும் பின்னர் நிரம்பின. அதைக் காண அவர் இல்லை. 1915இல், 27ஆம் வயதில், கலிப்போலிப் போர்க்களத்தில் மாண்டார். போர் விழுங்கிய அறிவுச் செல்வம் அது!

பாதரசம் 80, பொன் 79. இடைவெளி ஒரே ஒரு புரோட்டான்தான்! ஆயினும் அடுப்புத் தீ அணுவின் புற எலெக்ட்ரான்களையே தொடும்; கருவைத் தொடாது. கருவை மாற்ற வல்லது அணு உலை. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள தோரியத்தின் எண் 90. தோரியம் உலையில் நியூட்ரானை ஏற்று, 91 ஆகி, பின் 92 ஆகிறது, அதாவது யுரேனியமாகிறது. இவ்வாறு தோரியத்திலிருந்து பெற்ற யுரேனியம்-233ஐ எரிபொருளாகக் கொண்டே கல்பாக்கத்தில் 1996இல் காமினி உலை இயங்கத் தொடங்கியது. மந்திரம் இல்லை, மறைபொருள் இல்லை, கணக்கு உண்டு.

தோழர்களே! செம்பைப் பொன்னாக்கிக் காட்டுவேன் என்று எவரேனும் நம் வாயிலில் வந்து நின்றால், நாம் கேட்க வேண்டியது ஒன்றே: “செம்பு 29, பொன் 79. இடையில் உள்ள 50 புரோட்டான்களை எங்கிருந்து கொண்டுவருவீர்?”