காத்திருக்கும் கணினி

கணினி மந்தமானால் எல்லோரும் முதலில் பழி போடுவது புராசஸர்மேல்தான். பழசாகிவிட்டது, மாற்றிவிட வேண்டியதுதான் என்பார்கள். ஆனால் வரலாறு வேறு சாட்சி சொல்கிறது. திடீர் மந்தங்கள் பலவற்றில் புராசஸர் திணறுவதே இல்லை. கேட்ட தரவு வந்து சேராமல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. 1962-இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியிலேயே இதற்கான விதை இருந்தது. அதன் முதன்மை நினைவகம் சிறியது. சுழலும் காந்த உருளையில் அதைப்போல ஆறு மடங்கு இடம். டாம் கில்பர்னின் குழு இரண்டையும் ஒரே நினைவகமாக நிரலுக்குக் காட்டியது. தேவைப்பட்ட ‘பக்கம்’ (தரவுத் துண்டு) உருளையிலிருந்து ஏறும், தேவையற்றது இறங்கும். ஒரே சமயத்தில் பலருடைய நிரல்களை ஓட்டும் கணினிகள் வந்ததும் இந்த ஏற்றுமதி இறக்குமதியே வினையானது. கூடுதலாக ஒரு நிரலைச் சேர்த்தால் வேகம் கொஞ்சம் குறையவில்லை, ஒரேயடியாகப் படுத்துவிட்டது. ஒவ்வொரு நிரலும் இன்னொன்றின் பக்கத்தைத் துரத்திவிட்டு, அடுத்த கணமே தன் பக்கத்தைத் தேடியது. புராசஸர் சும்மா இருப்பதைப் பார்த்த இயங்குதளமோ, வேலை போதவில்லை என்று எண்ணி இன்னும் ஒரு நிரலை உள்ளே விட்டது! எம்.ஐ.டி.யில் ஆராய்ந்த பீட்டர் டென்னிங் 1968-இல் நோயின் காரணத்தை விளக்கினார்: ஒரு நிரலுக்கு அந்தந்த நேரத்தில் தேவையான பக்கங்கள் மொத்தமாக நினைவகத்தில் இருக்க வேண்டும், அதற்கு இடமில்லையென்றால் அந்த நிரலை ஏற்றவே கூடாது.

மேசைக் கணினிகள் இந்தப் பாடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது. விண்டோஸ் 95-க்கு 4 எம்.பி. ரேம் (முதன்மை நினைவகம்) போதும் என்றார்கள். இரண்டு நிரல்களைத் திறந்தாலே, உருளையின் வேலையைச் செய்த ஹார்டு டிஸ்க்கின் விளக்கு அணையாமல் எரியும், உள்ளே கரகரவென்று சத்தம் கேட்கும். ரேமில் ஒரு தரவை எடுக்க 70 நானோ நொடி. டிஸ்க்கில் சுமார் 10 மில்லி நொடி. ஒரு லட்சம் மடங்குக்கு மேல் வித்தியாசம். இந்த வேதனையை ஒரு நிறுவனம் சரியாகவே மோப்பம் பிடித்தது: ரேமை இரட்டிப்பாக்குவதாகச் சொல்லி 1995-இல் ‘சாஃப்ட்ரேம்’ என்ற மென்பொருள் லட்சக்கணக்கில் விற்றது. பிரித்துப் பார்த்தால் அது நினைவகத்தைச் சுருக்கவே இல்லை. அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. சரக்கு போலியானாலும் நோயைக் கணித்த விதம் சரி என்பதுதான் வேடிக்கை.

புதுப் புராசஸர் வாங்கியதும் வேகம் கூடியதே என்று கேட்கலாம். கூடியது உண்மை, ஆனால் புதுக் கணினியில் ரேமும் கூடித்தான் வந்தது, பலன் எதனுடையது என்று யார் பிரித்துப் பார்த்தார்கள்? கணினி அறிஞர் நிக்லாஸ் விர்த் 1995-இல் எழுப்பிய குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது: வன்பொருள் வேகமாவதைவிட விரைவாக மென்பொருள் மந்தமாகிறது என்றார் அவர். அதையும் மறுக்க முடியாது. ஆனால் பருத்த மென்பொருள் முதலில் விழுங்குவது பெரும்பாலும் நினைவகத்தைத்தான். வைரஸோ, தூசி அடைத்துச் சூடேறியதோ புராசஸரையே முடக்குவதும் உண்டு. அங்கே பழி நியாயமானது. சுழலும் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. வந்தபின் காத்திருப்பு வெகுவாகக் குறைந்தது, ஆனாலும் ரேமின் பக்கத்தில் எஸ்.எஸ்.டி. இன்னும் மிகவும் பின்தங்கியதுதான்.

பழி தவறான இடத்தில் விழுந்ததற்குக் கருவிக்கும் பங்குண்டு. 1996-இல் விண்டோஸ் என்.டி. 4.0-உடன் வந்த டாஸ்க் மேனேஜர் புராசஸர் சதவீதத்தையும் நினைவகத்தையும் கண்முன் வைத்தது. ஒவ்வொரு நிரலும் டிஸ்க்கை எவ்வளவு அலைக்கழிக்கிறது என்பது அந்தச் சாளரத்தில் கேட்காமலே தெரியும் பத்தியாக இடம்பெற, 2012-இல் விண்டோஸ் 8 வரவேண்டியிருந்தது.